பேர் சொல்லும் பதார்த்தங்கள்: அமெரிக்க ஊர்ச் சமையல் நூல்களைச் சேகரிப்பது குறித்து

1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிலடெல்பியாவில் ஒரு பெரிய சந்தை கூடியது. உள்நாட்டுப் போரின் நான்காவது ஆண்டு அது. காயம்பட்ட வடக்குப் படையினருக்கு மருந்தும் துணியும் உணவும் அனுப்பிவந்த சானிட்டரி கமிஷன் என்ற தொண்டமைப்புக்குப் பணம் திரட்டவே சந்தை. அங்கே விற்பனைக்கு வந்தவற்றில் மரியா மாஸ் என்ற பெண்மணி தொகுத்த ‘எ பொயட்டிகல் குக்-புக்’ என்ற நூலும் ஒன்று. சமையல் குறிப்புகளுக்கு நடுவே கவிதை வரிகளைக் கோத்த வேடிக்கையான புத்தகம். தர்ம காரியத்துக்காக அச்சிட்டு விற்கப்பட்ட முதல் அமெரிக்கச் சமையல் நூல் இதுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். போர் முடிந்த பின்னும் வழக்கம் நிற்கவில்லை. தேவாலயத்துக்குக் கூரை, போதகருக்கு வீடு, மருத்துவமனைக்குக் கட்டில், ஊர் நூலகத்துக்குப் புத்தகம் என்று எதற்குப் பணம் தேவைப்பட்டாலும் பெண்கள் சங்கம் கூடி ஒரு சமையல் புத்தகம் போட்டது. ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில் என்ற சிற்றூரில் போதகர் வீடு கட்ட 1876-இல் தொகுக்கப்பட்ட ‘பக்கை’ நூல், பிறகு வணிகப் பதிப்பாகி நாடெங்கும் போனது. மற்றவை பெரும்பாலும் பிறந்த ஊரைத் தாண்டவில்லை. ஏற்பாடு எளியது: சங்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு குறிப்புகள் தருவார்கள், ஒவ்வொன்றின் கீழும் கொடுத்தவர் பெயர் அச்சாகும், உள்ளூர்க் கடைக்காரர்களின் விளம்பரப் பணத்தில் அச்சுக்கூலி அடைபடும், விற்றதெல்லாம் லாபம். பெயர் அச்சானவள் தனக்கொன்று, மகளுக்கொன்று, கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் தங்கைக்கொன்று என்று வாங்கிவிடுவாள் என்பதால் விற்பனையைப் பற்றிக் கவலையும் இல்லை.

இந்த நூல்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் இன்று நிறையவே உண்டு. புகழ்பெற்ற ஆசிரியர்களும் ஓட்டல் சமையல்காரர்களும் எழுதியவற்றைவிட, ஒரு வட்டாரம் உண்மையில் என்ன சாப்பிட்டது என்பதை இவை நேர்மையாகச் சொல்கின்றன என்பது அவர்களில் பலர் தரும் காரணம். இந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது என் வாதம். ஒரு நூலைத் தனியாக எடுத்துக்கொண்டு அந்த ஊரின் சாப்பாடு இதுதான் என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். ஊர்ப் பெண்கள் எந்தப் பண்டத்தின் கீழ் தங்கள் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. அதுவும் பெரிய செய்திதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தெடுக்க ஒரு நூல் போதாது. பத்து ஆண்டு முந்தியது, இருபது ஆண்டு பிந்தியது, அடுத்த ஊருடையது, அதே தெருவின் எதிர்த் தேவாலயம் போட்டது எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே அரிய நூலைத் துரத்துகிற சேகரிப்பாளரைவிட, சாதாரண நூல்களை வரிசை குலையாமல் அடுக்குகிறவரே வரலாற்றுக்கு அதிகம் உதவுகிறார்.

இவை அன்றாட உணவின் பதிவேடு ஆகமாட்டா என்பதற்கு இவற்றின் உள்ளடக்கமே சாட்சி. பெரும்பாலான நூல்களில் கேக், பை, புட்டிங், ஊறுகாய், பழப்பாகு ஆகிய பகுதிகள் பெருத்திருக்கும். காய்கறிப் பகுதி மெலிந்து கிடக்கும். தினமும் மேசைக்கு வந்த வேகவைத்த உருளைக்கிழங்கையும் வறுத்த பன்றி இறைச்சியையும் யாரும் எழுதி அனுப்பவில்லை. கேக்குக்குத் துல்லியமான அளவு வேண்டும், உருளைக்கிழங்கு வேகவைக்க யாருக்கும் குறிப்பு தேவையில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் முழு விளக்கம் ஆகாது. ஏறக்குறைய ஒரே மாதிரியான எலுமிச்சைப் பை குறிப்பு மூன்று நான்கு பேரிடமிருந்து வந்திருக்கும். தொகுத்தவர்கள் எல்லாவற்றையும் அப்படியே அச்சிட்டிருப்பார்கள். சமையல் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம் என்றால் ஒன்று போதும். ஒருத்தியுடையதை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள் என்பது தொகுப்பாளர்களுக்குத் தெரியும். பெயரே இங்கே முதல் சரக்கு. சார்ல்ஸ்டன் நகரின் ஜூனியர் லீக் என்ற மகளிர் தொண்டுச் சங்கம் 1950-இல் வெளியிட்டு இன்றும் அச்சில் இருக்கும் ‘சார்ல்ஸ்டன் ரெசீட்ஸ்’ நூலில், கணவர் பெயரால் குறிக்கப்பட்ட பெண்மணிக்குப் பக்கத்திலேயே அவர் பிறந்த வீட்டுப் பெயரும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. பெயர்களின் வரிசையை மட்டும் வாசித்தாலே நகரத்தின் பழைய குடும்பங்கள் எவை, யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

சமையலுக்கு அப்பாற்பட்ட நோக்கங்கள் வெளிப்படையாகவே தெரியும் நூல்களும் உண்டு. ஹாட்டி பர் தொகுத்து 1886-இல் பாஸ்டனில் வெளிவந்த ‘உமன் சஃப்ரேஜ் குக் புக்’ பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்கு நிதி சேர்த்தது. மேரி லிவர்மோர், அபிகெய்ல் ஸ்காட் டூனிவே போன்ற போராளிகள் அதில் குறிப்பு எழுதினார்கள். ஓட்டுக் கேட்கிற பெண்ணுக்கு அடுப்படி தெரியாது என்ற ஏளனத்துக்கு அது ஒரு பதில். அந்தப் பண்டங்களை அவர்கள் வாரம் எத்தனை நாள் சமைத்தார்கள் என்று அந்த நூலிடம் கேட்பதில் அர்த்தமில்லை. இதைவிட நுட்பமான உதாரணம் மில்வாக்கி நகரில் இருக்கிறது. ஜெர்மானிய வழி யூதக் குடும்பத்தில் பிறந்த லிஸி பிளாக் காண்டர், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்துசேர்ந்த ஏழை யூதர்களுக்கான சமுதாய இல்லத்தில் சமையல் வகுப்பு எடுத்தார். மாணவிகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே நேரம் போகிறது, பாடத்தை அச்சிட 18 டாலர் வேண்டும் என்று இல்லத்தின் நிர்வாகக் குழுவிடம் கேட்டார். குழுவில் இருந்த ஆண்கள் மறுத்துவிட்டார்கள். காண்டர் கடைகடையாக ஏறி விளம்பரம் பிடித்து, 1901-இல் ‘செட்டில்மென்ட் குக் புக்’ நூலை ஆயிரம் பிரதிகள் போட்டார். பிற்காலத்தில் அது ஏறத்தாழ 20 லட்சம் பிரதிகள் விற்றது. இல்லத்துக்குப் புதிய கட்டடம் எழும்பவும் உதவியது. மறுத்த குழு அந்தப் பணத்தை மறுக்கவில்லை.

இந்த நூலை எதன் சாட்சியாகப் படிப்பது? யூதர்கள் நடத்திய இல்லத்திலிருந்து வந்த நூலில் யூத மதம் விலக்கும் சிப்பி வகைகளுக்குச் செய்முறைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே மில்வாக்கியின் ஜெர்மானிய வாசம் வீசும் கூகன் ரொட்டி வகைகள். வகுப்புக்கு வந்த ரஷ்ய யூதச் சிறுமியின் வீட்டில் அன்று இரவு என்ன வெந்தது என்று இதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அவள் எப்படிப்பட்ட அமெரிக்கப் பெண்ணாக வேண்டும் என்று முந்தைய தலைமுறையில் வந்து வசதி கண்டவர்கள் நினைத்தார்களோ அதைக் கண்டுபிடிக்கலாம். அதிலும் எவ்வளவு மில்வாக்கியுடையது, எவ்வளவு அந்தக் காலத்து அமெரிக்க யூதர்களின் பொதுப் போக்கு என்று பிரிக்க, டென்வர் நகர யூதப் பெண்கள் 1888-இல் போட்ட ‘ஃபேர் குக் புக்’ போன்ற நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இந்த நூல்களில் உள்ள குறிப்புகளில் பெரும்பங்கு ஊருக்கே உரியதல்ல. பேக்கிங் பவுடர் டப்பாவின் முதுகிலிருந்தும், பெண்கள் பத்திரிகைகளிலிருந்தும், சூப் நிறுவனங்களின் விளம்பரத் துண்டுகளிலிருந்தும் எடுத்து, கீழே உள்ளூர்ப் பெயரைப் போட்டவை. அப்படியிருக்க வட்டாரச் சமையல் என்று கொண்டாடுவது எப்படி? ஆட்சேபத்தின் முதல் பாதியை மறுக்கவே முடியாது. பொருட்களின் வெறும் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1996-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தயிர் விளம்பரச் சமையல் நூல் பற்றிய வழக்கில் சொன்னது. சங்கத்துப் பெண்கள் நூறாண்டுகளாகவே அப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் ஆட்சேபத்தின் இரண்டாம் பாதி, வட்டாரச் சமையல் என்பது வெளிக்கலப்பு இல்லாமல் மண்ணிலிருந்து முளைப்பது என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. அப்படி ஒன்று அமெரிக்காவில் இல்லை. வேறெங்கும் இருக்கிறதா என்பதும் சந்தேகமே. மின்னசோட்டாக்காரர்கள் தங்கள் அடையாளமாகவே கருதும் ஹாட் டிஷ் என்ற பண்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அச்சில் கிடைத்துள்ள அதன் மிகப் பழைய செய்முறையாக வழக்கமாகச் சுட்டப்படுவது, மன்கேட்டோ நகரின் கிரேஸ் லூத்தரன் தேவாலய மகளிர் சங்கம் 1930-இல் போட்ட நூலில் உள்ளது. கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், செலரி, டப்பாப் பட்டாணி, டப்பாத் தக்காளி சூப், ‘க்ரீமெட்ஸ்’ மக்கரோனி. அந்த மக்கரோனி மினியாபொலிஸ் நகரில் தயாரானது. மற்றவற்றில் பாதி தொழிற்சாலைச் சரக்கு. இந்தப் பண்டத்தில் மின்னசோட்டா எங்கே இருக்கிறது? எதை எதோடு சேர்த்தார்கள், எந்தச் சந்தர்ப்பத்துக்கு எடுத்துப்போனார்கள், எத்தனை ஆண்டுகள் விடாமல் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள் என்பதில் இருக்கிறது. பின்னாளில் காளான் கிரீம் சூப் தக்காளி சூப்பின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. லூத்தரன் வீடுகளில் அது எல்லாவற்றையும் ஒட்டவைத்ததால் ‘லூத்தரன் பசை’ என்று கேலிப்பெயரே பெற்றது. நியூயார்க்கிலும் அதே சூப் டப்பா கிடைத்தது. அங்கே இந்த மரபு உருவாகவில்லை. இந்த வேறுபாட்டை 1930-இன் ஒற்றை நூல் காட்டாது. அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளின் நூல்கள் சேர்ந்தால்தான் காட்டும்.

பிரவுனியின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலில் 1893 உலகக் கண்காட்சிக்காகப் பிறந்தது என்று ஒரு கதை. மெய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரத்துப் பெண் ஒருத்தியின் கேக் உப்பாமல் போனதால் பிறந்தது என்று இன்னொரு கதை. இரண்டும் சொல்லக் கேட்க நன்றாக இருக்கின்றன. சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மரின் 1896 நூலில் பிரவுனி என்ற பெயரில் இருப்பது சர்க்கரைப்பாகு சேர்த்த சிறு கேக், சாக்லேட் கிடையாது. இன்றைய சாக்லேட் பிரவுனியின் மிகப் பழைய அச்சுச் செய்முறைகளாக அறியப்பட்டவை 1904-இல் வந்த இரண்டு நூல்களில் இருக்கின்றன: நியூ ஹாம்ப்ஷயரின் லகோனியா ஊரில் வெளியான ‘ஹோம் குக்கரி’, சிகாகோவின் ‘சர்வீஸ் கிளப் குக் புக்’. பேங்கர் பிரவுனி என்ற பெயர் சிகாகோ வரை போய்ச் சேர்ந்திருப்பது, பண்டம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது என்ற ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஓட்டல் கதையைப் பலவீனப்படுத்துகிறது. இரண்டும் யாரும் பெரிய விலை கொடுத்துப் போட்டிபோடும் நூல்களல்ல. இரண்டு ஊர்களிலும் யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் மட்டுமே ஒப்பிட முடிந்தது. ஃபுளோரிடாவின் கீ லைம் பை பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கீ வெஸ்ட் தீவில் பிறந்தது என்பது உள்ளூர் நம்பிக்கை. 1931-இல் போர்டன் என்ற கண்டென்ஸ்டு மில்க் நிறுவனம் வெளியிட்ட எலுமிச்சைப் பை குறிப்பிலிருந்து வந்தது என்கிறார் ஸ்டெல்லா பார்க்ஸ் என்ற பேக்கிங் எழுத்தாளர். கீ வெஸ்ட் மகளிர் மன்றம் 1949-இல் போட்ட நூலில் அந்தப் பை இருக்கிறது என்பதை வைத்து எந்தத் தரப்பும் வெல்ல முடியாது. தெற்கு ஃபுளோரிடாவில் 1920-களிலும் 30-களிலும் வெளிவந்த மெலிந்த தேவாலயப் புத்தகங்கள் திரண்டு வந்தால் வழக்கு முடிய வாய்ப்பு உண்டு.

வரிசை முக்கியம் என்றால் ஒவ்வொரு நூலுக்கும் ஆண்டு தெரிய வேண்டும். இந்த நூல்களில் பலவற்றில் ஆண்டே இருக்காது. அடுத்த வருடமும் விற்க வேண்டுமே. அதனால் காலக்கணிப்புதான் சேகரிப்பாளரின் தனித்திறமை. இந்தத் திறமை எனக்கு இத்துறையின் மிகச் சுவையான பகுதியாகத் தோன்றுகிறது. அளவுகள் முதல் தடயம். முட்டை அளவு வெண்ணெய், ஒரு தேநீர்க்கோப்பை மாவு, ஒயின் கிளாஸ் பால் என்று இருந்தால், மட்டமாகத் தட்டிய கப்பையும் கரண்டியையும் ஃபேனி ஃபார்மர் 1896-இல் பரப்பிய சீர்திருத்தம் அந்த ஊரை இன்னும் எட்டவில்லை. ஆனால் இது மட்டும் நம்பத்தக்கதல்ல. பாட்டி எழுதிக் கொடுத்ததைப் பேத்தி முப்பது ஆண்டு கழித்து அப்படியே அனுப்பியிருப்பாள். விளம்பரங்கள் மேலும் உறுதியானவை. கடையின் தொலைபேசி எண் இரண்டு மூன்று இலக்கம் என்றால் ஒரு காலம். எண்ணுக்கு முன்னால் எக்ஸ்சேஞ்ச் பெயர் வந்தால் ஒரு காலம். முகவரியில் ஜிப் கோடு இருந்தால் நிச்சயமாக 1963-க்குப் பிந்தியது. சர்க்கரையைத் தேனாலும் சிரப்பாலும் ஈடுகட்டும் கேக்குகள் குவிந்திருந்தால், சர்க்கரைப் பங்கீடு இருந்த 1942 முதல் 1947 வரையான ஆண்டுகளை முதலில் சந்தேகிக்கலாம். போதகரின் பெயரை முன்னுரையில் பார்த்து, அவர் அந்தத் தேவாலயத்தில் பணியாற்றிய ஆண்டுகளைச் சபைப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பெயர்களே ஒரு கடிகாரம்தான்: கணவரின் முழுப்பெயருக்கு முன் ‘மிஸஸ்’ போட்டு எழுதும் வழக்கம் 1970-களில் தளர்ந்து, பெண்கள் சொந்தப் பெயரில் வரத் தொடங்குகிறார்கள். அந்தத் தளர்ச்சி ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வேகத்தில் நடந்தது. அதை அளக்க இவற்றைவிட எளிய சான்று கிடைப்பது கடினம். சட்டமும் சமையலில் தடம் விடும். விஸ்கான்சின் பால் மாநிலம்; அங்கே மஞ்சள் நிறம் சேர்த்த மார்ஜரின் விற்பதற்கு 1967 வரை தடை இருந்தது; மக்கள் எல்லை தாண்டி இல்லினாய் போய் வாங்கிவந்தார்கள். எல்லையின் இருபுறத்து ஊர்களிலும் 1950-களில் வந்த நூல்களைப் பக்கத்தில் வைத்து வெண்ணெயையும் மார்ஜரினையும் எண்ணிப் பார்த்தால், சட்டம் சமையலறைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதை அறியலாம். கடத்திவந்த மார்ஜரினைத் தன் பெயருக்கு மேலே அச்சிட எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்தது என்பதையும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நூல்களுக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. நெப்ராஸ்காவின் கியர்னி நகரிலுள்ள மாரிஸ் பிரஸ் போன்ற, இதற்கென்றே ஏற்பட்ட அச்சகங்கள் சங்கங்களிடமிருந்து குறிப்புகளை வாங்கி, பிளாஸ்டிக் சீப்புப் பற்களால் கோத்த புத்தகமாக்கித் திருப்பி அனுப்பின. பகுதிகளைப் பிரிக்கும் வண்ண அட்டை, கறை நீக்கும் உபாயம், கலோரி அட்டவணை, நூறு பேருக்குச் சமைக்கும் அளவு எல்லாம் அச்சகத்தின் தயார்ச் சரக்கு. அயோவா நூலிலும் ஜார்ஜியா நூலிலும் ஒரே வீட்டுக் குறிப்புகள் இருந்தால் இரண்டு மாநிலப் பெண்களும் ஒரே மாதிரி சிந்தித்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. எது அச்சகத்துடையது, எது ஊருடையது என்று பிரிக்கவும் பல நூல்களைப் பார்த்த கண் வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது; அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அச்சகத்துக்குப் பணம் புரட்டவும் சங்கம் நடத்தவும் ஓய்வு இருந்தவர்களின் நூல்கள் இவை. தெற்கு மாநிலங்களில் அந்த ஓய்வு கறுப்பினப் பெண்களின் உழைப்பில் வந்தது. சமைத்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். ‘சார்ல்ஸ்டன் ரெசீட்ஸ்’ நூலில் அந்தக் கடலோரக் கறுப்பின மக்களின் கல்லா (Gullah) பேச்சுமொழிச் செய்யுள்கள் பகுதிகளுக்கு இடையே அலங்காரமாக வருகின்றன. ஆனால் அந்த மொழியைப் பேசிய சமையல்காரிகளுக்கு, வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்குத் தந்தது போன்ற முழுப்பெயரும் பிறந்த வீட்டு மரியாதையும் இல்லை. அதே நகரத்தில் 1901-இல் தொடங்கிய கண்காட்சிக்காக ஸ்டோனி சீமாட்டி தொகுத்த ‘கரோலினா ரைஸ் குக் புக்’ இருநூறுக்கும் மேற்பட்ட அரிசிப் பண்டங்களைத் தருகிறது. அந்த அரிசி யார் அறிவில் விளைந்தது, யார் கையில் வெந்தது என்று அது பேசவில்லை. 1992-இல் கேரன் ஹெஸ் அந்தச் சிறு நூலை அப்படியே மறுபதிப்பாகச் சேர்த்து, அதன் பண்டங்களுக்குப் பின்னால் மேற்கு ஆப்பிரிக்கர்களின் பங்கைத் தேடி ‘கரோலினா ரைஸ் கிச்சன்’ என்ற ஆய்வை எழுதினார். மௌனம் சாதித்த நூலே அந்த மௌனத்துக்கு எதிரான சாட்சியாகவும் ஆனது. ஆயினும் எல்லா மௌனத்தையும் இப்படிப் பேசவைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லாகவே இருந்து மறைந்தவற்றை எந்தச் சேகரிப்பும் மீட்டுத் தராது.

இந்த ஆட்சேபத்திலிருந்து சேகரிப்பதால் பயனில்லை என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். எனக்கு அது எதிர்த்திசையில் இட்டுச்செல்வதாகப் படுகிறது. கறுப்பினப் பெண்களும் சங்கம் வைத்தார்கள், நூல் போட்டார்கள். கலிபோர்னியாவின் பசடீனாவில் பெர்த்தா டர்னர் 1910-இல் தொகுத்த ‘ஃபெடரேஷன் குக் புக்’ அந்த மாநிலத்துக் கறுப்பினப் பெண்களின் குறிப்புகளைத் திரட்டியது. கறுப்பினப் பெண்களின் தேசியக் குழு 1958-இல் வெளியிட்ட நூல் ஒரு நாட்காட்டி போல அமைந்தது. ஜனவரி முதல் நாள் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் தொடங்கி, சமையலோடு வரலாற்றையும் சொல்லிப்போகிறது. இவற்றைப் பெரிய நூலகங்கள் வாங்கி அடுக்கவில்லை. நெடுங்காலம் காத்தவர்கள் தனி ஆட்கள். டோனி டிப்டன்-மார்ட்டின் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த கறுப்பினச் சமையல் நூல்களே 2015-இல் ‘ஜெமைமா கோட்’ என்ற ஆய்வாயின. இதில் எல்லாரும் அறிய வேண்டிய கதை மலிண்டா ரஸலுடையது. அவருடையது சங்க நூலல்ல, தனியொருத்தியின் நூல். ஆனால் எவ்வளவு மெலிந்த தாள் எவ்வளவு பெரிய கருத்தைச் சாய்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. டென்னசியில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்து பலகாரக்கடை நடத்தி, கொள்ளையர்களிடம் பணத்தைப் பறிகொடுத்து மிச்சிகன் வந்துசேர்ந்த ரஸல், ஊர் திரும்பப் பணம் வேண்டி 1866-இல் பா பா என்ற ஊரில் 39 பக்கத்தில் ஒரு சமையல் நூல் அச்சிட்டார். கலிபோர்னியச் சமையல் எழுத்தாளர் ஹெலன் எவன்ஸ் பிரவுனின் சேகரிப்பில் கிடந்த பிரதி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் பழைய சமையல் நூல்களைச் சேகரித்த ஜேனிஸ் லாங்கோன் கைக்கு வந்தது. அதுவரை 1881-இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளியான ஏபி ஃபிஷரின் நூலே கறுப்பினப் பெண் ஒருவரின் முதல் சமையல் நூல் என்று நம்பியிருந்தார்கள். ஆண்டு பதினைந்து முன்னால் போனது மட்டும் மாற்றமல்ல. ரஸலின் நூலில் பெரும்பகுதி ஐரோப்பியப் பாணிக் கேக்குகளும் பலகாரங்களும். கறுப்பினச் சமையல் என்றால் தோட்டத்து ஏழைச் சமையல் என்று வைத்திருந்த சித்திரம் அதனால் ஆட்டம் கண்டது.

மின்னுருவாக்கம் வந்துவிட்டதே, இனிப் புத்தகம் எதற்கு என்பது கடைசிக் கேள்வி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்ற திட்டத்தில் 76 பழைய சமையல் நூல்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாங்கோன் சேகரிப்பும், அயோவாவில் சிகாகோச் சமையல்காரர் லூயி சாத்மரியின் சேகரிப்பும், அலபாமாவில் டேவிட் லப்டன் சேர்த்த கறுப்பினச் சமையல் நூல்களும் பாதுகாப்பாக இருக்கின்றன. இவை பெரும் நன்மை. ஆனால் இணையத்தில் எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் 1920-களோடு நின்றுவிடுகின்றன. மார்கரெட் குக் 1971-இல் வெளியிட்ட, இத்துறையின் அடிப்படையான நூற்பட்டியலும் 1861 முதல் 1915 வரைதான் பேசுகிறது. மிக அதிகமாக நூல்கள் குவிந்ததோ 1945-க்குப் பிறகு. கலைந்துபோன சங்கத்தின் நூலுக்கு உரிமை யாரிடம் என்று விசாரிக்க ஆளில்லாமல் நூலகங்கள் தயங்குகின்றன. தவிர, மின்னுருவாக்கத்துக்கு ஒரு சுத்தமான பிரதி போதும். ஆய்வாளருக்கு அழுக்கான பிரதிகள் பல வேண்டும். எந்தப் பக்கத்தில் நெய்க்கறை, எந்தக் குறிப்பின் ஓரத்தில் சர்க்கரையைக் குறைக்கும்படி பென்சில் எழுத்து, எந்தப் பக்கங்கள் ஐம்பது ஆண்டாக ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன என்பவைதான், அச்சான ஆசையிலிருந்து உண்மையில் சமைத்ததற்குப் போகும் ஒரே வழி. நூல் சொல்லாத அன்றாடத்தை அந்தப் பிரதி சொல்லக்கூடும்.

சந்தையோ இதற்கு நேர்மாறாக மதிக்கிறது. கறை இல்லாத பிரதிக்கு அதிக விலை. தெற்கத்தி நூலுக்கு மத்திய மேற்கு நூலைவிட மவுசு. முதல் பதிப்புக்குத் தனி மரியாதை. 13 லட்சத்துக்கும் மேல் விற்ற பேட்டன் ரூஜ் ஜூனியர் லீகின் ‘ரிவர் ரோடு ரெசிபீஸ்’ (1959) போன்ற வெற்றிநூல்கள் எந்த அலமாரியிலும் கிடைக்கும். ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்ற சங்க நூல்களைப் பாராட்டவென்றே டபாஸ்கோ சாஸ் தயாரிக்கும் மெக்கிலெனி நிறுவனம் ஒரு கௌரவப் பட்டியல் வைத்திருந்தது. அவை தப்பிப் பிழைக்கும். வடக்கு டகோட்டாவின் ஒரு கோதுமை ஊரில் 1962-இல் இருநூறு பிரதி போட்டது தப்பிக்காது. உரிமையாளர் இறந்ததும் வீட்டுச் சாமான்களோடு அது குப்பைக்குப் போகிறது. அதில் ஜெலட்டின் சாலட் பதினான்கு வகை இருக்கலாம், ஒன்றுகூட நாக்கில் வைக்க விளங்காமல் இருக்கலாம். ருசியை வைத்து நூலைத் தேர்ந்தெடுப்பவர் அதைத் தொடமாட்டார் என்பதாலேயே வேறு யாராவது தொட வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களில் பலர் ஊர் நூலகத்தின் பழைய புத்தக விற்பனைக்கும் தேவாலயச் சந்தைக்கும் போகிறவர்கள்தான். இந்த நூல்கள் அங்கே ஓரிரு டாலருக்குக் கிடைக்கின்றன. நாடு முழுவதையும் சேர்க்க நினைக்க வேண்டாம். இருக்கும் கவுண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலின் மூன்று பதிப்புகள் கண்ணில் பட்டால் மூன்றையும் வாங்குங்கள். கறையைத் துடைக்காதீர்கள், உள்ளே செருகியிருக்கும் பத்திரிகைத் துண்டை எடுத்து வீசாதீர்கள். எங்கே, எப்போது, யார் வீட்டுச் சாமானிலிருந்து வந்தது என்பதைப் பின்னட்டையின் உள்ளே பென்சிலால் குறித்துவையுங்கள். அலமாரி நிறைந்ததும் அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். அவர்களிடம் இல்லாதவை அதில் நிச்சயம் சில இருக்கும்.